பைக் என்ஜின் "தட்டுது" என்றால், உள்ளே எது தட்டுகிறது?

போன மழைக்காலத்தில் நோர்வூட் பக்கத்திலிருந்து ஒரு தம்பி தன் 100 சிசி பைக்கைத் தள்ளிக்கொண்டு கராஜுக்கு வந்தார். "அண்ணே, என்ஜின் தட்டுது. வேற இடத்தில காட்டினேன். இறக்கி போர் கட்டணுமாம், டைமிங் செயினும் மாத்தணுமாம்" என்றார். போர் கட்டுவது என்றால், பிஸ்டன் ஓடும் குழாயைக் கடைந்து புதுப் பிஸ்டன் போடுகிற பெரிய வேலை. அம்மா சீட்டுப் பிடித்துச் சேர்த்த காசு சட்டைப் பையில் இருந்தது. ஸ்டார்ட் பண்ணச் சொல்லிக் கேட்டேன். டிக் டிக் டிக் என்று கூர்மையான சத்தம். எக்ஸலேட்டரைத் திருகினால் வேகமாகிறது. குனிந்து, சைலன்சர் குழாய் என்ஜினோடு சேரும் இடத்தைப் பார்த்தேன். அங்கே இரண்டு நட்டு இருக்க வேண்டும், ஒன்றைக் காணோம். அந்தப் பக்கம் மட்டும் அலுமினியத்தில் கரி அப்பியிருந்தது. புகை வெளியேறும் ஒவ்வொரு தடவையும் அந்த இடுக்கால் சீறியதுதான் அவ்வளவு நாளாகத் "தட்டிய" சத்தம். இடுக்கை அடைக்கும் ஒரு கேஸ்கட், ஒரு நட்டு, அரை மணி நேர வேலை. சீட்டுக் காசு பையிலேயே திரும்பிப் போனது.

நம்ம பக்கத்தில் என்ஜினில் எந்தச் சத்தம் வந்தாலும் ஒரே பெயர்தான்: தட்டுது. அந்த ஒரு சொல்லுக்குள் ஏழெட்டு வேறு வேறு சத்தங்கள் அடங்கிக் கிடக்கின்றன. சிலது வண்டியோடு பிறந்த சத்தம், ஒன்றும் செய்ய வேண்டாம். சிலது ஐந்து நிமிட வேலை. ஒன்றிரண்டுதான் உண்மையிலேயே ஆபத்து. 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 தொடக்கத்தில்தான். அந்த ஐந்து வருடமும் இருந்த வண்டியையே ஓட்டிப் பழகிவிட்டோம். வயதான என்ஜின்கள் நிறைய ஓடும் இந்த நேரத்தில், எந்தச் சத்தத்துக்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று வண்டிக்காரருக்கே தெரிந்திருப்பது நல்லது. மெக்கானிக் வேலை தெரியாதவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சத்தம் எங்கே பிறக்கிறது

காற்றடிக்கும் இரவில் லயத்துக் கூரையில் எந்தத் தகரம் படபடக்கும்? ஆணி கழன்ற தகரம். இறுக்கமாக இருப்பது சத்தம் போடாது. இடைவெளி இருந்தால்தான் ஒன்று நகர்ந்து போய் இன்னொன்றில் மோத முடியும். என்ஜினுக்குள் வரும் சத்தங்களில் பெரும்பாலானவை இப்படி ஏதாவது ஓர் இடைவெளியில் பிறப்பவைதான்.

அப்படியானால் இடைவெளியே இல்லாமல் இறுக்கிவிட்டால் போதாதா? போதாது. பதுளை ரயிலில் போகும்போது கேட்கும் தடக் தடக் சத்தத்தை நினைத்துப் பாருங்கள். தண்டவாளத் துண்டுகள் சேரும் இடத்தில் வேண்டுமென்றே விட்டிருக்கும் சின்ன இடைவெளியைச் சக்கரம் தாண்டுகிற சத்தம் அது. வெயிலில் இரும்பு நீளும். நீள இடம் விடாவிட்டால் தண்டவாளம் நெளிந்துவிடும். அந்தச் சத்தம் கேட்டு யாரும் ரயிலிலிருந்து குதிப்பதில்லையே.

என்ஜினிலும் அதே இரண்டு வகைதான். சூட்டில் உலோகம் விரிவதற்காகக் கம்பனிக்காரரே விட்ட இடைவெளி ஒன்று. வருடக்கணக்கில் உரசித் தேய்ந்து தானாக உண்டான இடைவெளி இன்னொன்று. இரண்டிலும் ஒயில் ஒரு மெல்லிய படலமாக நின்று, மெத்தை மாதிரி அடியை வாங்கிக்கொள்கிறது. ஒயில் குறைந்தாலோ, பழசாகித் தண்ணீர் போல ஆனாலோ, நல்ல என்ஜின்கூடச் சத்தம் போடும்.

உள்ளே யார் யார் இருக்கிறார்கள்

சைக்கிள் மிதிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். கால் மேலும் கீழும் போகிறது, பெடல் வட்டமாகச் சுற்றுகிறது. என்ஜினில் மேலும் கீழும் போகும் உருளைக்குப் பெயர் பிஸ்டன். அது ஓடும் குழாய் சிலிண்டர். வட்டமாகச் சுற்றும் கனமான தண்டு கிராங்க். இரண்டையும் இணைக்கும், நம் முழங்காலுக்குக் கீழே உள்ள கால் போன்ற கம்பி கொனெக்டிங் ரொட்.

சிலிண்டரின் தலையில் இரண்டு கதவுகள். ஒன்று பெற்றோல் கலந்த காற்று உள்ளே வர, மற்றது எரிந்த புகை வெளியே போக. இவைதான் வால்வுகள். இந்தக் கதவுகளைச் சரியான நேரத்தில் திறக்கும் முட்டை வடிவத் தண்டுக்குக் கேம் என்று பெயர். கீழே சுற்றும் கிராங்கிலிருந்து மேலே உள்ள கேமுக்குச் சுற்றைக் கொண்டுபோகும் சின்னச் சங்கிலிதான் எல்லோரும் பெயர் சொல்லிப் பயப்படும் டைமிங் செயின். பின்சக்கரத்தை இழுக்கும் செயின் வேறு, இது வேறு.

கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. வண்டி நின்ற இடத்தில் நிமிடத்துக்கு 1,400 சுற்றில் ஓடினால், ஒவ்வொரு வால்வும் நிமிடத்துக்கு 700 தடவை திறந்து மூடுகிறது. ஒரு வினாடிக்குப் பன்னிரண்டு தடவை அளவில் ஒரு கதவைத் திறந்து அறைந்து மூடினால் அந்த வீட்டில் சத்தம் கேட்காமல் இருக்குமா?

சரி, இவ்வளவு தெரிந்தால் போதும். மேலே கதவுகள், பக்கத்தில் சங்கிலி, நடுவில் பிஸ்டன், அடியில் கிராங்க். எல்லாவற்றுக்கும் நடுவே ஒயில்.

"என்ன சத்தம்" என்று கேட்காதீர்கள், "எப்போ சத்தம்" என்று கேளுங்கள்

சத்தத்தை வாயால் செய்து காட்டச் சொன்னால் ஒருவர் டக்டக் என்பார், இன்னொருவர் கடகட என்பார். போனில் பதிவு செய்து அனுப்புவார்கள், அதில் அடிச்சத்தம் போய் எல்லாமே தகர டப்பா மாதிரி கேட்கும். அதனால் நான் முதலில் கேட்பது எப்போது வருகிறது என்றுதான். இந்த விஷயத்தில் மலைநாட்டுக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. சமவெளியில் இருப்பவர் தேடிப் போக வேண்டிய மூன்று சோதனைகளும் நம் வீட்டு வாசலிலேயே இருக்கின்றன.

முதலாவது, காலைக் குளிர். தப்பு அடிக்கிறவர்கள் அடிப்பதற்கு முன் நெருப்பில் காட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். குளிர்ந்த தோல் சொத சொத என்று ஒலிக்கும். சூடேறியதும் தோல் இறுகிக் கணீரென்று பேசும். அதே தப்புதான், சூடு மட்டும்தான் மாறியது. என்ஜினும் அப்படியே. நுவரெலியாக் குளிரில் விடியற்காலை ஸ்டார்ட் செய்ததும் வந்து, ஐந்து நிமிடத்தில் அடங்கும் சத்தம் ஒரு வகை. சூடான பிறகு கூடும் சத்தம் வேறு வகை.

இரண்டாவது, ஏற்றம். என்ஜின் பாரம் இழுக்கும்போது பிஸ்டனின் தலையில் விழும் அடி அதிகம். ஏற்றத்தில் மட்டும் கேட்கும் சத்தம் எரிதலோடோ பாரம் தாங்கும் உறுப்புகளோடோ சம்பந்தப்பட்டது.

மூன்றாவது, இறக்கம். இறம்பொடையிலிருந்து கம்பளைப் பக்கம் இறங்கும்போது எக்ஸலேட்டரை விட்டுவிட்டுக் கியரில் இறங்குகிறோம். இப்போது சக்கரம்தான் என்ஜினைச் சுற்றுகிறது. இழுத்துக்கொண்டிருந்தது இழுபடுகிறது. தளர்ந்த சங்கிலியும் தேய்ந்த பேரிங்கும் அந்த நேரத்தில் மறுபக்கம் போய் விழும். விட்டு, லேசாகத் திருகி, மறுபடி விட்டுப் பார்த்தால் அந்தக் கைமாற்றத்தில் சத்தம் வெளியே வந்துவிடும்.

குளிரில் வந்து அடங்குகிறதா, ஏற்றத்தில் மட்டுமா, எக்ஸலேட்டரை விடும்போதா. இந்த மூன்றுக்கும் பதில் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

டெப்பட்: சத்தம் போட வேண்டிய உறுப்பு

கேமுக்கும் வால்வின் தண்டுக்கும் நடுவே, சீசோ பலகை மாதிரி ஒரு சின்னக் கை இருக்கும். கேம் ஒரு முனையைத் தூக்கும், மறுமுனை வால்வை அமுக்கும். அந்த மறுமுனையில் உள்ள திருகாணியும் அதன் நட்டும்தான் நம் கராஜ்களில் டெப்பட் எனப்படுவது. திருகாணியின் நுனிக்கும் வால்வுத் தண்டின் தலைக்கும் இடையே ஓர் இடைவெளி விட வேண்டும். சிறிய பைக்குகள் பலவற்றில் அது 0.05 முதல் 0.10 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். போட்டோகொப்பிக் கடதாசி ஒன்றின் தடிப்பு 0.1 மில்லிமீட்டர் அளவு. அவ்வளவுதான் இடம். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது அதன் கையேட்டில் இருக்கும், அதைத்தான் எடுக்க வேண்டும்.

இந்த இடைவெளி ஏன்? ரயில் தண்டவாளம்தான். வால்வு சூட்டில் நீளும். நீள இடம் இல்லாவிட்டால் கதவு முழுவதும் மூடாது. வால்வு தன் சூட்டில் பெரும்பகுதியை இறக்கி வைப்பதே, மூடி இருக்கையில் உட்காரும் அந்தக் கணத்தில்தான். புகையை வெளியே விடும் வால்வு முழுசாக உட்காராவிட்டால், அதன் ஓரத்தால் எரியும் வாயு பீறிட்டுப் போய், ஓரம் கருகி ஓட்டை விழும். அப்புறம் வண்டி காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும், ஏற்றத்தில் முக்கும்.

இங்கேதான் நான் அதிகம் வருத்தப்படும் ஒரு தப்பு நடக்கிறது. "சத்தமே இல்லாம டெப்பட் வச்சுக் குடுங்க அண்ணே" என்று கேட்டு வருவார்கள். மெக்கானிக்கும் இறுக்கி வைத்துக் கொடுத்துவிடுவார். வண்டி பூனை மாதிரி போகும், எல்லோருக்கும் சந்தோஷம். சில மாதத்தில் வால்வு எரிந்து ஹெட்டைக் கழற்ற வேண்டி வரும். லேசான டிக்டிக் இருக்கிற டெப்பட்டைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். திடீரென்று அமைதியாகி, கூடவே இழுவையும் குறைந்த டெப்பட்டைப் பற்றிக் கவலைப்படுங்கள். வால்வும் அதன் இருக்கையும் தேயத் தேய, வால்வு மேலே ஏறி இடைவெளி தானாகவே குறையும். அதனால் சத்தம் வராவிட்டாலும் அவ்வப்போது அளந்து பார்க்கத்தான் வேண்டும்.

அளப்பது எப்படி என்று கிட்ட நின்று பார்ப்போம். வண்டி இரவு முழுக்க நின்று ஆறியிருக்க வேண்டும். கை வைத்தால் சூடு தெரிகிற என்ஜினில் டெப்பட் வைப்பது வீண் வேலை. பிளக்கைக் கழற்றிவிட்டால் கிராங்க் லேசாகச் சுற்றும். பக்கத்து மூடியில் உள்ள சின்னத் துவாரத்தால் பார்த்துக்கொண்டே, உள்ளே சக்கரத்தில் வெட்டியிருக்கும் 'டி' குறி, கோட்டுக்கு நேரே வரும்வரை சுற்ற வேண்டும். பிஸ்டன் உச்சியில் நிற்கிறது என்று அர்த்தம். ஆனால் உச்சிக்கு அது இரண்டு தடவை வரும். இரண்டு டெப்பட்டும் விரலால் ஆட்டினால் ஆடுகிற தடவைதான் சரியானது. ஆடாவிட்டால் இன்னொரு முழுச் சுற்று. அப்புறம் ஃபீலர் கேஜ், அதாவது அளவு பொறித்த மெல்லிய எஃகு இலைகள் அடுக்கிய கருவி. அதன் சரியான இலையை இடைவெளிக்குள் விட்டு இழுத்தால், வெண்ணெய் தடவிய கத்தியை இரண்டு பாண் துண்டுக்கு நடுவிலிருந்து இழுப்பதுபோல லேசான பிடிப்பு தெரிய வேண்டும். நட்டை இறுக்கும்போது திருகாணியும் கூடவே கொஞ்சம் சுற்றிவிடும், அதனால் இறுக்கிய பிறகு மறுபடி அளக்க வேண்டும். "கைப் பழக்கம், கேஜ் எதுக்கு" என்று காதால் வைப்பவர்கள் உண்டு. கடதாசித் தடிப்பில் பாதியைக் காதால் அளக்க எனக்குத் தெரியாது.

டைமிங் செயின்: இழுபடுவதில்லை, தேய்கிறது

"செயின் இழுபட்டிருச்சு" என்பது எல்லோரும் சொல்வது. அந்தச் செயின் ரப்பர் மாதிரி நீள்வதில்லை. எண்பது, தொண்ணூறு கண்ணிகள் இருக்கும். ஒவ்வொரு கண்ணியிலும் ஊசியும் அது நுழையும் குழலும் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு தேய்ந்தால்கூட, எல்லாம் சேர்ந்து கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் நீளம் கூடிவிடும். அந்தத் தளர்ச்சியை வாங்கிக்கொள்ள, ஸ்பிரிங் வைத்த ஒரு கை செயினைப் பக்கத்திலிருந்து அழுத்திப் பிடிக்கிறது. அதற்குப் பெயர் டென்ஷனர்.

தளர்ந்த செயின் டெப்பட் போல ஒழுங்காக டிக்டிக் என்காது. கரகர, சலசல என்று, தகரப் பெட்டியில் சாவிக்கொத்தை ஆட்டுவதுபோல இழுத்துக் கேட்கும். ஸ்டார்ட் ஆன உடனேயும், மெதுவாக ஓடும்போதும், இறக்கத்தில் எக்ஸலேட்டரை விடும்போதும் கூடும். வேகம் எடுத்தால் பலசமயம் மறைந்துவிடும். அநேகமாகக் கோளாறு செயினில் இருப்பதில்லை, சிக்கிக்கொண்ட டென்ஷனரில் இருக்கும். அதை முதலில் பார்க்காமல் செயினை மாற்றினால், புதுச் செயினும் கொஞ்ச நாளில் அதே பாட்டைப் பாடும்.

இன்னொன்றும் நடக்கிறது. தானாக இறுகும் டென்ஷனரை எடுத்துவிட்டு, ஒரு போல்ட்டை வைத்துச் சத்தம் நிற்கும்வரை முறுக்கிவிடுகிறார்கள். சத்தம் நிற்கும், பதிலுக்கு ஊய்ய் என்று ஓர் ஊளை வரும். செயின் தன் வழிகாட்டிப் பட்டையை அறுத்துக்கொண்டிருக்கிற சத்தம் அது. மறுபக்கம், ரொம்பத் தளர்ந்த செயினை அப்படியே விடுவதும் கூடாது. ஒரு பல் தாண்டினால் வால்வு திறக்கும் நேரமே மாறி, வால்வு பிஸ்டனில் மோதவும் கூடும்.

இதுவரை பார்த்ததில், தலைப்பக்கம் ஒழுங்கான டிக்டிக் என்றால் டெப்பட். பக்கவாட்டில் இழுத்த சலசல என்றால் செயினும் டென்ஷனரும். இரண்டுக்கும் என்ஜினை இறக்க அவசரம் இல்லை.

காலையில் மட்டும் வரும் மொத்தச் சத்தம்

பிஸ்டன் அலுமினியம். சாதாரண வண்டிகள் பலவற்றில் அது ஓடும் குழாய் வார்ப்பிரும்பு. அதே சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். ஆகவே குளிரில் பிஸ்டனைச் சுற்றி இடம் கொஞ்சம் அதிகம், அது சுவரில் இப்படியும் அப்படியும் சாயும். டொப் டொப் என்று பஞ்சுக்குள் அடிப்பதுபோல ஒரு மந்தமான சத்தம். சூடானதும் அடங்கிவிட்டால், கூடவே ஒயிலும் குறையாமல், வெள்ளைநீலப் புகையும் வராமல் இருந்தால், அதைச் சும்மா விடலாம். ஸ்டார்ட் செய்து ஒன்றிரண்டு நிமிடம் மெதுவாக ஓட்டிப் பழகுங்கள். சூடான பிறகும் கேட்டால், புகையும் வந்தால், அப்போது போர் கட்டும் பேச்சை எடுக்கலாம்.

ஏற்றத்தில் வரும் கிணிகிணி

நானுஓயாவிலிருந்து நுவரெலியாப் பக்கம் பின்னால் ஓர் ஆளை ஏற்றிக்கொண்டு டொப் கியரிலேயே ஏறுகிறீர்கள். எக்ஸலேட்டரை முழுக்கத் திருகியும் வண்டி எழும்பவில்லை. அப்போது என்ஜினிலிருந்து கிணிகிணி என்று, தகர டப்பாவில் சரளைக்கல் போட்டு ஆட்டுவதுபோல ஒரு சத்தம். இதில் எந்த உறுப்பும் இன்னொன்றில் மோதவில்லை. எல்லாச் சத்தத்திலும் அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான்.

மானாப்புல் பிடித்த மலைச்சரிவு எரிவதைப் பார்த்திருப்போம். ஒரு பக்கம் மூட்டினால் நெருப்பு வரிசையாக நகர்ந்து போகும். சிலிண்டருக்குள்ளும் பிளக் ஒரு பொறியை வைக்கிறது, நெருப்பு அங்கிருந்து பரவி, பிஸ்டனைச் சீராகத் தள்ளுகிறது. ஆனால் சூடும் அழுத்தமும் அளவு மீறினால், நெருப்பு போய்ச் சேருவதற்கு முன்பே தூரத்து மூலையில் மிச்சமிருக்கும் கலவை தானாகவே ஒரேயடியாகப் பற்றிக்கொள்ளும். அந்த அதிர்ச்சி சிலிண்டர் சுவரை மணி மாதிரி அடிக்கிறது. இதைத்தான் நொக்கிங் என்கிறார்கள். தொடர்ந்து நடந்தால் பிஸ்டனின் தலையே அரித்துப் போகும்.

பெற்றோல் நிலையத்தில் 92, 95 என்று எழுதியிருப்பது இந்தத் தானாகப் பற்றிக்கொள்ளும் குணத்தை எவ்வளவு தாங்கும் என்பதன் அளவு. அதற்குப் பெயர் ஒக்டேன். கூடின எண் என்றால் கூடின பலம் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நொக்கிங் வராத வண்டிக்கு 95 அடித்தால் அது வேகமாகப் போகாது. டெப்பட் சத்தமோ செயின் சத்தமோ 95 அடித்தால் போகவே போகாது.

நொக்கிங் கேட்டால் முதலில் செய்ய வேண்டியது பணம் செலவில்லாதது: கியரைக் குறையுங்கள். டொப் கியரில் திணறும்போது பிஸ்டன் மெதுவாக நகர்கிறது, கலவை நெடுநேரம் அழுத்தத்திலும் சூட்டிலும் கிடக்கிறது. கியர் குறைத்தால் என்ஜின் துள்ளி ஓடும், அந்த நேரம் கிடைக்காது. "கியர் குறைச்சா பெற்றோல் போகும்" என்று பயந்து திணறடிப்பவர்கள் பிஸ்டனைச் செலவழிக்கிறார்கள்.

உயரத்துக்கும் இதில் பங்குண்டு. நுவரெலியா ஏறக்குறைய 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் 80 வீதம் அளவுதான். காற்று மெலிந்திருப்பதால் சிலிண்டரில் அழுத்தம் குறைவு, நொக்கிங்கும் அந்த அளவுக்குக் குறைவு. ஆனால் காற்றில் பெற்றோலைக் கலந்து விடும் காபரேட்டர் வைத்த வண்டி, காற்று மெலிந்தது தெரியாமல் பெற்றோலைக் கிட்டத்தட்ட அதே அளவில் விட்டுக்கொண்டிருக்கும். பெற்றோல் கூடிப் போய் பிளக் கறுக்கும், பிஸ்டன் தலையில் கரி படியும். இப்படி வருடக்கணக்கில் மேலே ஓடிய வண்டியைக் கல்யாணத்துக்கென்று அவிசாவளைப் பக்கம் இறக்கினால், அங்கே காற்று அடர்த்தி, அழுத்தம் கூட, உள்ளே கரி தணலாகக் கனன்று கிடக்கிறது. மேலே ஒரு நாளும் கேட்காத கிணிகிணி அங்கே கேட்கும். "கொழும்புப் பெற்றோல் சரியில்லை" என்பார்கள். பெற்றோல் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். கரியைச் சுத்தம் செய்து, காபரேட்டரையும் பிளக்கையும் பார்த்தால் சரியாகிவிடும். இன்ஜெக்‌ஷன் வண்டிகள் காற்றை அளந்து பெற்றோலை விடுவதால் இந்தத் தொல்லை அவற்றில் குறைவு.

இறக்கத்தில் சைலன்சரிலிருந்து வரும் பட் பட் வெடிப்பு இதோடு சேராது. எரியாமல் போன கலவை குழாயில் எரிவது அது. குழாய் சேரும் இடத்தில் காற்று புகுகிறதா என்று பார்த்தால் போதும்.

தடித்த ஒயில் மருந்தா?

சத்தம் வந்தால் தடித்த ஒயில் ஊற்றிவிடுவது பழைய கைவைத்தியம். தடித்த ஒயில் தேய்ந்த இடைவெளியில் கனமான மெத்தையாக நிற்கும், சத்தம் கேட்காது. தேய்மானம் அப்படியே இருக்கும். நம் குளிரில் இன்னொரு கெடுதியும் உண்டு. ஒயில் டப்பாவில் 20டபிள்யூ-50 என்று இருந்தால், முதல் எண் குளிரில் எவ்வளவு இளக்கமாக ஓடும் என்பதையும், இரண்டாவது எண் சூட்டில் எவ்வளவு தடிப்பாக நிற்கும் என்பதையும் காட்டுகிறது. முதல் எண் பெரிதாக இருந்தால் விடியற்காலையில் ஒயில் தேன் மாதிரி நகர்ந்து, மேலே கேம் இருக்கும் இடத்துக்குப் போய்ச்சேரப் பிந்தும். அந்த நேரம் உலோகம் உலோகத்தில் உரசுகிறது. கையேட்டில் சொன்ன இலக்கத்தையே போடுங்கள். ஜாசோ எம்ஏ என்ற குறியும் இருக்க வேண்டும். பைக்கின் கிளட்ச் அதே ஒயிலில்தான் குளித்துக்கொண்டிருக்கிறது, கார் ஒயில் ஊற்றினால் வழுக்கத் தொடங்கலாம்.

லயத்திலிருந்து டவுனுக்கு இரண்டு கிலோமீட்டர், திரும்ப இரண்டு கிலோமீட்டர் என்று மட்டும் ஓடும் வண்டிகளில் என்ஜின் முழுச் சூட்டுக்கு வருவதே இல்லை. உள்ளே கசியும் ஈரம் ஆவியாகிப் போகாமல் ஒயிலில் கலந்து, மூடியின் அடியில் பால்தேத்தண்ணி நிறத்தில் படிந்திருக்கும். கிழமைக்கு ஒரு தடவையாவது அரை மணி நேரம் நன்றாக ஓட்டுங்கள். ஒயில் அளவை நேராக நிறுத்திப் பாருங்கள். பக்க ஸ்டாண்டில் சாய்ந்தோ சரிவிலோ நிற்கும் வண்டியில் பார்த்தால் அளவு பொய் சொல்லும்.

என்ஜினே இல்லாத என்ஜின் சத்தம்

நோர்வூட் தம்பியின் நட்டு மாதிரி, வெளியே இருந்து வருவதையும் ஒதுக்கிவிட வேண்டும். வண்டியை நிறுத்தி நியூட்ரலில் திருகிப் பாருங்கள். அப்போது சத்தமே இல்லை, ஓடும்போது மட்டும் வருகிறது என்றால் பின்செயின், சக்கரப் பேரிங், பிரேக் பக்கம் தேடலாம். நியூட்ரலில் வரும் சத்தம் கிளட்ச் லீவரைப் பிடித்ததும் மாறுகிறதா? கிளட்ச், கியர்பொக்ஸ் பக்கம். என்ஜினைச் சட்டத்தோடு பிடிக்கும் போல்ட், சைலன்சர் மேல் தகடு, நம்பர் தகடு எல்லாவற்றையும் கையால் பிடித்துப் பாருங்கள். பிடித்ததும் நின்றுவிடும் சத்தத்துக்கு ஸ்பானர் போதும்.

மிச்சத்துக்கு நீளமான ஸ்க்ரூ டிரைவர் ஒன்று போதும். நுனியை என்ஜினில் வைத்து, கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் உள்ள எலும்பில் அழுத்துங்கள். டொக்டர் குழல் வைத்துப் பார்க்கிற மாதிரித்தான். மேல் மூடி, சிலிண்டரின் பக்கம், அடிப்பெட்டி என்று இடம் மாற்றி மாற்றி வைத்தால், ஓரிடத்தில் சத்தம் காதுக்குள்ளேயே அடிக்கும். சுற்றும் செயினும் சூடான சைலன்சரும் பக்கத்தில் இருக்கின்றன, சட்டைக் கையை மடித்துக்கொள்ளுங்கள்.

உடனே நிறுத்த வேண்டிய ஒன்று

கொனெக்டிங் ரொட்டின் அடி முனை கிராங்கைப் பிடிக்கும் இடத்தில் ஒரு பேரிங் இருக்கிறது. அது தேய்ந்தால் வரும் சத்தம் என்ஜினின் அடிவயிற்றிலிருந்து வரும். டொக் டொக் என்று, மரக்கதவை முட்டியால் தட்டுவதுபோல. சூடேறினால் அடங்காது, கூடும். ஏற்றத்தில் கூடும், எக்ஸலேட்டரை விடும் கணத்திலும் கேட்கும். கால் வைக்கும் கம்பியிலேயே அதிர்வு தெரியும். ஒயிலை வடித்துப் பார்த்தால் மினுக்குத் துகள்கள் மிதக்கும். அந்தச் சத்தத்தோடு ஓட்டினால் ரொட் உடைந்து என்ஜின் பெட்டியையே துளைத்துவிடக்கூடும்.

கொழும்பிலிருந்து ஏறி வந்த ஓர் அண்ணன் கினிகத்தேனை தாண்டியதும் எனக்குப் போன் எடுத்தார். அடியில் டொக் டொக் என்கிறது, ஒயில் மட்டக் கம்பியில் ஒயிலே ஒட்டவில்லை என்றார். "இன்னும் கொஞ்ச தூரம்தானே தம்பி, ரெண்டாவது கியர்ல மெதுவா உருட்டிக்கிட்டு வந்துரட்டுமா?" வேண்டாம் அண்ணே, சாவியைக் கழற்றிப் பையில் போடுங்க, லொறி ஒன்றைப் பிடிங்க என்றேன். வாடகை அதிகம் என்று கொஞ்ச நேரம் தயங்கினார், பிறகு மரக்கறி இறக்கிவிட்டுத் திரும்பிய லொறி ஒன்றில் ஏற்றிக்கொண்டு வந்தார். திறந்து பார்த்தபோது பேரிங்கின் உருளைகள் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தன. இரண்டு உருளை தட்டையாகவே ஆகியிருந்தது. ரொட் உடையவில்லை, பெட்டியில் ஒரு கீறல் இல்லை. கிராங்கை மட்டும் எடுத்து, புது ரொட்டும் பேரிங்கும் சேர்ந்த ரொட் கிட்டை அழுத்தி, நேர் பார்த்துப் போட்டோம். ஒன்பதாம் நாள் அதே வண்டியில் அவர் கொழும்புக்கு இறங்கிப் போனார், ஒயில் மட்டக் கம்பியை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு.